அன்ரன் கடைந்த கப்பி

"18.02.2006, சனி. மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் மறுபடியும் உருகிவிட்டது. மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. றிஸ்வான் காரைப் பட்டறையில் விட்டுவிட்டு பஸ்ஸில் காத்தான்குடிக்குப் போனான். மழை இல்லை."

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இருப்பது இவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த காலம் முதல் ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று வரி எழுதி வருகிறேன். எதை எழுத மறந்தாலும் மழை பெய்ததா இல்லையா என்பதை எழுத மறப்பதில்லை. ஆனால் அன்று உண்மையில் நடந்ததை அந்த வரிகள் சொல்லவில்லை.

அண்மையில் நகரத்திலுள்ள ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே வேலை செய்கிற பொடியன்கள் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் ஒரு கம்பியைச் செருகி, மடிக்கணினியில் அதன் தட்டலை, உள்ளே முந்தி வெடிக்கிற சத்தத்தை, கோடாகக் காட்டினார்கள். ஒருவன் கேட்டான், "இது இல்லாத காலத்தில என்னெண்டு ஐயா கண்டு பிடிச்சீங்க?" காதால் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பதில் பாதிதான் சரி. காது எங்களைக் கைவிட்ட ஒரு சந்தர்ப்பமும் உண்டு. அதை எழுதாமல் விட்டால் அவனுக்குத் தவறான பதிலைச் சொன்னவனாவேன்.

நான் 1976இல், மட்டக்களப்பு வாவிக்கரையோரம் இருந்த ஒரு எஞ்சின் பட்டறையில் சேர்ந்தேன். என் பெயர் சிவம், ஊர் செட்டிபாளையம். முதல் வருடம் கழுவினேன், இரண்டாம் வருடம் கழற்றினேன், அதற்குப் பிறகுதான் பூட்ட விட்டார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. பட்டறை எட்வின் மாஸ்டருடையது. அவர் பறங்கியர், போர்த்துக்கீசர் வழிவந்தவர். வீட்டில் அவர்களுடைய போர்த்துக்கீச மொழி, வெளியில் எங்களுடைய தமிழ். கலியாண வீடுகளில் வயலின் வாசிப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி வைத்திருப்பார். எஞ்சின் பூட்டத் தொடங்குமுன் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவி, அந்தத் துணியால் துடைத்துவிட்டு, துணியை எங்களுக்குக் காட்டுவார். அதில் கறை இருந்தால் மறுபடியும் கழுவுவார். எங்களிடம் துணியைக் காட்டச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் எல்லோரும் துணி வைத்திருந்தோம்.

அளவு எடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒரே அளவை இரண்டு பேர் தனித்தனியாக எடுக்க வேண்டும். முதல் ஆள் கண்டதை இரண்டாம் ஆளிடம் சொல்லக்கூடாது. இருவரும் தனித்தனியே மாஸ்டரின் காதுக்குள் சொல்ல வேண்டும். ஒத்துப்போனால் தலையை ஆட்டுவார். ஒத்துப்போகாவிட்டால் ஏச மாட்டார். "ரெண்டு பேரும் தேத்தண்ணி குடிச்சிற்று வாங்க" என்பார். வந்து மறுபடியும் அளப்போம். புதிதாகச் சேர்ந்த ஒருவன் ஒரே காலையில் நாலு தேத்தண்ணி குடித்ததும் உண்டு.

அளவுக்கு இவ்வளவு கண்டிப்பானவர், ஒரு விடயத்தில் மட்டும் எந்தக் கருவியையும் நம்பவில்லை. எஞ்சினில் பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, வைக்கிற வேலையை அவர் காதால் மட்டுமே செய்தார். அதற்குக் காரணம் இருந்தது. தொண்ணூறுகளில் வாவிக்கு மேற்கே, படுவான்கரைக்கு, யுத்தத் தடையால் பெற்றோல் போகாத ஆண்டுகள் இருந்தன. அங்கிருந்தவர்கள் நீரிறைக்கும் யந்திரம், மோட்டார் சைக்கிள், உழவு யந்திரம் என்று எல்லாவற்றையும் தோணியில் ஏற்றிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஓடவைக்க வேண்டும். மண்ணெண்ணெய் தன் நேரத்துக்கு முந்தியே வெடிக்கும் சுபாவமுள்ளது. அப்படி வெடித்தால் சிலிண்டருக்குள் சிறிய சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். அதைத்தான் தட்டல் என்கிறோம். தட்டல் தொடர்ந்தால் பிஸ்டனின் தலை உருகும்.

தொழிற்சாலை போட்டுத் தந்த நேர அடையாளம் பெற்றோலுக்கானது. மண்ணெண்ணெய்க்கு அது உதவாது. ஆகவே எஞ்சினை ஓடவிட்டு, பொறியைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ரிபியூட்டரைக் கையால் மெல்ல முன்னுக்குத் திருப்பி, பொறியை முந்தவைத்து, தட்டல் கேட்கும் வரைக்கும் போய், அங்கிருந்து ஒரு மயிரிழை பின்னுக்கு வருவோம். "தட்டலுக்குப் போய்த் திரும்பி வாறது" என்பது எங்களுடைய பேச்சு. மட்டக்களப்பில் அந்த ஆண்டுகளில் வேலை செய்த எல்லோரும் அப்படித்தான் பழகினோம். மாஸ்டர் அதில் கைதேர்ந்தவர். தெருவில் போகிற வாகனத்தின் சத்தத்தைக் கேட்டு, அது எந்தக் கடையில் மண்ணெண்ணெய் வாங்கியது என்று சொல்வார் என்று பகிடியாகச் சொல்வார்கள்.

2002இல் போர் நிறுத்தம் வந்து, கொழும்புப் பாதை திறந்தது. மாஸ்டரின் மகன் அன்ரனும் அவனுடைய கூட்டாளி றிஸ்வானும் ஒரு யோசனையோடு வந்தது 2004இன் நடுப்பகுதியில். றிஸ்வான் காத்தான்குடிக்காரன். கட்டாரில் சில வருடம் உழைத்துவிட்டு வந்து, ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கியிருந்தான். ஏப்ரல் விடுமுறையில் மலைநாட்டில் வீதியை மூடிக் கார்ப் பந்தயம் நடத்துவார்கள். அதில் ஓடவேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. கார் றிஸ்வானுடையது, ஓட்டுவதும் அவன். எஞ்சின் அன்ரனுடைய பொறுப்பு.

அந்தச் சிறிய எஞ்சினுக்கு மலை ஏறுகிற பலம் போதாது. சாதாரண எஞ்சின் காற்றைத் தானாக உறிஞ்சும். அதற்கு மேல் காற்றை அமுக்கித் திணித்தால் கூடுதலாக எரித்துக் கூடுதலாக உழைக்கும். திணிக்கிற கருவிக்கு சுப்பர்சார்ஜர் என்று பெயர். வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பழைய படகு எஞ்சினிலிருந்து அப்படி ஒரு காற்றூதியை அன்ரன் கழற்றிக்கொண்டு வந்தான். அதற்குள்ளே இரண்டு உருளிகள், ஒன்றையொன்று தொடாமல், கடதாசி நுழைகிற இடைவெளியில் சுற்றும். அதை எஞ்சினோடு பட்டி போட்டு இணைக்க ஒரு கப்பி வேண்டும். கப்பி சிறிதானால் ஊதி வேகமாகச் சுற்றும், காற்று கூடும், பலமும் கூடும். அளவுக்கு மேல் கூடினால் பிஸ்டன் உருகும். ஆக, முழு எஞ்சினின் தலைவிதியும் அந்தக் கப்பியின் விட்டத்தில் இருந்தது.

பழைய பஸ் பிஸ்டன்களை உருக்கி வார்த்த அலுமினியக் கட்டியில், எங்கள் லேத்தில், அன்ரன் அதைக் கடைந்தான். 2004 டிசம்பர், கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை. மாஸ்டர் நத்தார் வேலைகளில் இருந்தார். நான் விடுமுறையில் இருந்தேன். கடைந்து, அளந்து, தானே பூட்டியும்விட்டான். அந்தப் பட்டறையில் ஒரே ஒருவர் மட்டும் அளந்து பூட்டிய உறுப்பு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். "நத்தார் முடியட்டும், சிவம் அண்ணன் வந்து ரெண்டாம் அளவு எடுக்கட்டும்" என்று றிஸ்வானிடம் விட்டத்தையும் சேர்த்துச் சொன்னானாம்.

டிசம்பர் 26 ஞாயிறு. மாஸ்டரும் மனைவியும் காலைப் பூசைக்கு நகரத்துத் தேவாலயத்துக்குப் போயிருந்தார்கள். அன்ரன் டச் பார் என்ற கடலோரக் குடியிருப்பில், அவர்களுடைய வீட்டில் இருந்தான். கடல் வந்ததைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைப் பார்த்தவர்களுக்கு எழுத வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு எழுத என்னால் முடியாது. அன்ரனை இரண்டாம் நாள் வாவிக்கரையில் கண்டெடுத்தார்கள். அடையாளம் காட்டியது றிஸ்வான். அவனுடைய வாப்பாவின் கடையும் அன்று போயிருந்தது. தன் வீட்டுக்குப் போகுமுன் அவன் இங்கே, அன்ரனைத் தேடி வந்தான்.

பிறகு பல மாதங்கள் பட்டறை முழுவதும் உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சின்கள். படகு யந்திரங்கள், நீரிறைக்கும் யந்திரங்கள், முச்சக்கர வண்டிகள். நல்ல தண்ணீரில் கழுவி, டீசலில் ஊறவைத்துத் திறப்போம். சிலவற்றுக்கு உரிமையாளர் வந்தார்கள். பலவற்றுக்கு வரவில்லை. மாஸ்டர் விடியக் காலமே வந்து இருட்டினதும் போவார். மூலையில் தறப்பாளால் மூடியிருந்த பந்தய எஞ்சினின் பக்கம் அவர் திரும்பவில்லை. நாங்களும் திருப்பவில்லை.

2005 ஓகஸ்ட்டில் றிஸ்வான் வந்தான். தறப்பாளுக்கு முன்னால் நின்றுகொண்டு, "மாஸ்டர், இதை முடிப்பம்" என்றான்.

"ஓடப் போறியோ?"

"ஓம்."

"பரிசெடுக்கவோ?"

"இல்ல மாஸ்டர். முடிக்க. தொடங்கின இடத்திலயிருந்து முடிகிற இடம் மட்டும் ஓடினாப் போதும். அன்ரன்ட எஞ்சின் மலை ஏறிச்சு எண்டு சொல்லவேணும்."

மாஸ்டர் தறப்பாளைத் தூக்கினார். கப்பியைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "சரி" என்றார். அன்றிலிருந்து அவருக்கு வேறு வேலை இல்லை.

எல்லாவற்றையும் கழற்றி, பழைய முறைப்படி இரண்டு பேர் அளந்து, கைகழுவித் துணி பார்த்துப் பூட்டினோம். அழுத்தம் குறைவதற்காகத் தலைக்கும் உடலுக்கும் இடையில் தடித்த செம்புத் தகடு போட்டோம். ஊதியின் இடைவெளிகளை நானும் மாஸ்டரும் அளந்தோம். கப்பியின் முறை வந்தபோது நான் அளவுகருவியை எடுத்தேன். மாஸ்டர் என் கையைப் பிடித்தார். "அது அளந்து பூட்டினது" என்றார். நான் கருவியைப் பெட்டியில் வைத்தேன்.

கடைசியில் எஞ்சினை ஓடவிட்டோம். ஊதி கிறீச்சென்று ஒரே சுருதியில் ஊளையிட்டது. பக்கத்துத் தையற்கடைக்காரர் எழும்பி வந்து, "மாஸ்டர், இது எஞ்சினோ, நோவெடுத்த ஆனையோ?" என்று கேட்டார். மாஸ்டர் குனிந்து, தலையைச் சாய்த்து, டிஸ்ரிபியூட்டரை மெல்லத் திருப்பி, தட்டல் வருகிற இடத்தைத் தேடினார். நெடுநேரம் தேடினார். தட்டல் கேட்கவில்லை. வழக்கத்தைவிட முன்னுக்குப் போயும் கேட்கவில்லை. "நல்ல எஞ்சின். எவ்வளவும் தாங்குது" என்று சொல்லி அங்கேயே இறுக்கினார். அவர் முகத்தில் அவ்வளவு மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சத்தைக் கண்டேன்.

நவம்பரில் முதல் ஓட்டம். செட்டிபாளையத்து நேர் வீதியில் றிஸ்வான் இரண்டாவது முறை வேகம் கூட்டி இழுத்தபோது வெள்ளைப் புகை வந்தது. திறந்து பார்த்தால் மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் தலையில், மெழுகில் சூடுவைத்தது போல ஒரு துளை. மாஸ்டர் பெற்றோலைச் சந்தேகித்தார். மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் எங்கள் ஊரில் புதினமல்ல. கொழும்பிலிருந்து நல்ல பெற்றோல் எடுப்பித்தோம். பிஸ்டனும் எடுப்பித்தோம். மறுபடியும் அதே முறைப்படி பூட்டி, அதே காதால் நேரம் வைத்தார். இரண்டாவது முறை உருகியதுதான் நாட்குறிப்பில் இருக்கும் பெப்ரவரி 18.

அன்று அவர் ஒன்றும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறேன். அது பிழை. ஒரு கேள்வி கேட்டார்.

"எவ்வளவுக்கு இழுத்தாய்?"

"நீங்க சொன்னதுக்கு மேல போகல்ல மாஸ்டர்."

"பொய் சொல்லாத. பந்தயக் கிறுக்கில மிதிச்சிருப்பாய்."

"மாஸ்டர், இது அவன்ட எஞ்சின். நான் மிதிப்பனா?"

அதற்குப் பிறகுதான் அவர் பேசவில்லை. றிஸ்வான் பஸ்ஸில் போனான்.

பட்டறையில் இருந்த எல்லோருடைய மனதிலும் ஒன்றே இருந்தது. யாரும் சொல்லவில்லை. கப்பி சிறிது. அன்ரன் கணக்கில் பிழைவிட்டுவிட்டான். காற்று கூடிப்போய் பிஸ்டன் உருகுகிறது. பெரிய கப்பி ஒன்றைக் கடைந்து போட்டால் ஒரு நாளில் தீர்கிற விடயம். ஆனால் அப்படிச் செய்தால், அந்த மகன் கடைசியாகச் செய்த வேலை பிழையான வேலை என்றாகும். மாஸ்டர் அந்தக் கப்பியை அளக்க விடாததன் காரணம் அதுதான் என்று எனக்குத் தெரியும். அளக்காத வரைக்கும் அது சரி.

ஒரு கிழமைக்கு மேல் அவர் பட்டறைக்கு வரவில்லை. வந்த அன்று றிஸ்வானுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவன் வந்து வாசலிலேயே நின்றான். மாஸ்டர் என்னிடம் ஸ்பனரை நீட்டினார்.

"கழட்டு சிவம். பெரிசா ஒண்டு கடைவம்."

நான் ஸ்பனரை வாங்கினேன். அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, லேத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொடியன் கணக்கில பிழைச்சிற்றான். இருபத்தாறு வயசு. பிழைக்கிற வயசுதானே" என்றார்.

"கழட்டாதீங்க மாஸ்டர்" என்றான் றிஸ்வான்.

அவன் உள்ளே வந்தான். இன்றைக்கும் அவன் சொன்ன வார்த்தைகள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. "அன்ரன் எனக்கு ஒண்டு சொன்னவன். நத்தாருக்கு முந்தி, இந்த லேத்துக்குப் பக்கத்தில வச்சு. நான் உங்களுக்குச் சொல்லாம இருந்திட்டன். இந்த எஞ்சினுக்கு அப்பாவைக் காதால டைமிங் வைக்க விடாத எண்டான். ஊதிட சத்தத்தில தட்டல் கேக்காது எண்டான்."

மாஸ்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"ஏன் முந்தியே சொல்லல்ல?"

"மவுத்தாப் போனவன் வாப்பாவைக் குறை சொன்ன மாதிரி இருக்கும் மாஸ்டர். எப்பிடிச் சொல்ற?"

மாஸ்டர் கதிரையில் இருந்தார். வெள்ளைத் துணியை எடுத்தார். கை துடைக்கவில்லை, மடித்து மடித்துச் சிறிதாக்கினார்.

"என்ட காதைப் பத்தி வேற என்ன சொன்னான்?"

"அப்பா நல்லா வயலின் வாசிப்பார் எண்டு சொல்லுவான்."

"அது பொய்" என்றார் மாஸ்டர். "நான் வயலினைத் தொட்டா அவன் வீட்டில இருக்க மாட்டான்." அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் துடைத்தார்.

சிறிது நேரம் கழித்து எழுந்து, பட்டறையின் பின்புறம் போனார். கடல் வந்த வருடத்தில் யாரோ திருத்தக் கொண்டுவந்து, பிறகு திரும்பி வந்து கேட்காத ஒரு குளிர்சாதனப் பெட்டி அங்கே கிடந்தது. அதன் செம்புக் குழாயை வெட்டி எடுத்தார். ஒரு நுனியைச் சுத்தியலால் தட்டையாக்கித் துளைபோட்டு, எஞ்சினின் உடலில், இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவில் இருந்த ஒரு போல்ட்டில் இறுக்கினார். மறு நுனியில் இறப்பர்க் குழாயைச் செருகி, அதைக் காரின் உள்ளே இழுத்தார். காற்றில் வருகிற சத்தத்தை விட்டுவிட்டு, இரும்பில் வருகிற சத்தத்தை மட்டும் கேட்பதற்கான ஏற்பாடு அது. பழைய மண்ணெண்ணெய் நாட்களில் எங்களுக்கு அது தேவைப்பட்டதில்லை. அந்த எஞ்சின்களில் தட்டலை மறைக்கிற சத்தம் எதுவும் இருக்கவில்லை. காது போதும் என்ற பழக்கம் அங்கே வந்தது. பழக்கத்தை மட்டும் இந்த எஞ்சினுக்குக் கொண்டுவந்தோம்.

புதிய பிஸ்டன் வந்து பூட்டி முடிய மார்ச் நடுப்பகுதியாகிவிட்டது. மறுபடியும் செட்டிபாளையத்து வீதி. அறுவடைக் காலம். வீதியின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். காவலுக்கு இருந்த ஒரு பெண், காரைக் கண்டதும் எழுந்து வந்து நடுவில் நின்றாள்.

"போன முறை நீங்க வந்து போன பிறகு என்ட கோழி ரெண்டு கிழமை முட்டை போடல்ல" என்றாள்.

"இந்த முறை மெதுவாப் போறம் தங்கச்சி" என்றார் மாஸ்டர்.

"மெதுவாப் போறதுக்கோ இவ்வளவு சத்தம்? பொறுங்க கா, நெல்லை ஒதுக்கித் தாறன். மறுகா எங்க வேணுமெண்டாலும் பறங்க."

நாங்களும் இறங்கி நெல்லை ஒதுக்கினோம். றிஸ்வான் ஓட்ட, மாஸ்டர் பக்கத்தில் இருந்து இறப்பர்க் குழாயைக் காதுக்குள் வைத்து, மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டார். நான் பின்னால். றிஸ்வான் இழுத்தான். ஊதி ஊளையிட்டது. எனக்கு ஊளையைத் தவிர எதுவும் கேட்கவில்லை. மாஸ்டர் கையை உயர்த்தினார். கார் நின்றது.

குழாயை என்னிடம் நீட்டி, "நீயும் கேள். நான் கேட்டதைச் சொல்ல மாட்டன்" என்றார்.

மறுபடியும் இழுத்தான். தகரக் கூரையில் மணலை அள்ளி எறிந்தது போல் குழாய்க்குள் ஒரு சத்தம். தட்டல் இருக்கிறது என்று நான் குனிந்து அவருடைய காதில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

பிறகு டிஸ்ரிபியூட்டரைச் சிறிது சிறிதாகப் பின்னுக்குத் திருப்பினார். ஒவ்வொரு முறையும் உளியால் ஒரு கோடு போட்டு, ஓட்டி, இருவரும் தனித்தனியாகக் கேட்டோம். மணல் குறைந்தது. பிறகு ஒன்றிரண்டு தூறல். பிறகு இல்லை. அவர் முதலில் இறுக்கிய இடத்துக்கும் சத்தம் நின்ற இடத்துக்கும் இடையில் இருந்த தூரத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். "இவ்வளவு தூரத்தில நின்டிருக்கிறன்" என்றார்.

பட்டறைக்கு வந்ததும் கைகழுவித் துணியைக் காட்டினார். "இப்ப அளப்பம்" என்றார். நான் கப்பியை அளந்து அவர் காதில் சொன்னேன். அவர் அளந்தார். பிறகு றிஸ்வானைப் பார்த்து, "அன்ரன் உனக்குச் சொன்ன விட்டம் என்ன?" என்று கேட்டார். அவன் சொன்னான். மூன்றும் ஒன்று. மாஸ்டர் தலையை ஆட்டினார்.

ஏப்ரலில் நானும் றிஸ்வானும் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு பொலன்னறுவைப் பாதையால் போனோம். அப்போதே நிலைமை கெடத் தொடங்கியிருந்தது. வெலிக்கந்தையில் சோதனையிட்ட சிப்பாய் ஊதியைக் காட்டி இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். றிஸ்வான் விளக்கினான். சிப்பாய் இன்னொருவனைக் கூப்பிட, அவன் மூன்றாம் ஆளைக் கூப்பிட, கடைசியில் எஞ்சினை ஓடவிட்டுக் காட்டும்படி கேட்டார்கள். சத்தம் கேட்டு முகாமே வந்து சுற்றி நின்றது. ஒருவன் மட்டும் கேள்வி கேட்டான், இது வெல்லுமா என்று. "முடிக்கும்" என்றான் றிஸ்வான்.

முடித்தது. பரிசு எதுவும் கிடைக்கவில்லை. நடுவில் எங்கோ வந்தான். மலைக்குளிரில் ஒவ்வொரு சுற்றிலும் ஊதியின் ஊளை வளைவுக்கு அப்பாலிருந்து முதலில் வரும், கார் பிறகு வரும். கடைசிச் சுற்றில் சத்தம் வருமட்டும் நான் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்த கடையொன்றிலிருந்து மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். எத்தனையாவது என்று அவர் கேட்கவில்லை. "பூட்டின பிஸ்டனோடயே முடிச்சதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "திறந்து பாத்திற்றுச் சொல்லு" என்றார். ஊருக்கு வந்து அவர் முன்னால்தான் திறந்தோம். மூன்றாம் பிஸ்டனின் தலை மற்ற மூன்றையும் போலவே இருந்தது.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் யுத்தம் திரும்பியது. வாகரைப் பக்கத்திலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் ஆட்கள் இடம்பெயர்ந்து வந்தார்கள். பந்தயம் பற்றிப் பேச யாருக்கும் மனமில்லை. மாஸ்டர் 2008இல் நோயில் விழுந்தார். பார்க்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொல்வார். உருகிய பிஸ்டன்களைப் பற்றி ஒரு வசனம், தன் காதைப் பற்றி இரண்டு வசனம், மிகுதி அன்ரனைப் பற்றி. "நான் இத்தனை வருசம் கேட்டுக் கேட்டுப் பழகினதை, அவன் கேக்காமலே பிழை எண்டு கண்டு பிடிச்சவன்" என்று சொல்வார். அந்த ஆண்டு முடியுமுன் காலமானார். அடக்கத்தில் அவருடைய ஆட்கள் வயலின் வாசித்தார்கள்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது என்று அறிவித்தார்கள். அடுத்த மாதம் றிஸ்வான் காரை விற்க வந்தான். திரும்பவும் கட்டார் போகவேண்டியிருந்தது. வாங்கிய ஆள் காரைக் கொண்டுபோன பிறகு, நாங்கள் இருவரும் பட்டறை வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, நான் அதைக் கேட்டேன். மூன்று வருடம் கேட்காமல் இருந்தது.

"அன்ரன் உண்மையா அப்பிடிச் சொன்னானா?"

"சொன்னான் அண்ணன்."

"எங்க வச்சு?"

"டச் பார் கடற்கரையில. நாங்க ரெண்டு பேருந்தான்."

2006இல் மாஸ்டரிடம் அவன் லேத்துக்குப் பக்கத்தில் என்று சொன்னான். அதை நான் அவனுக்கு நினைவுபடுத்தவில்லை. அன்ரன் இரண்டு இடத்திலும் சொல்லியிருக்கலாம். ஒரே பேச்சை இரண்டு இடத்தில் வைத்து நினைவுகொள்வதும் மனிதருக்கு இயல்புதான். இன்னொன்றும் இருக்கலாம். பெப்ரவரி 18க்குப் பிறகு, பட்டறைப் பக்கமே வராத அந்தக் கிழமையில், தட்டல் ஏன் கேட்கவில்லை என்பதை றிஸ்வான் தானே யோசித்துக் கண்டுபிடித்திருக்கலாம். கட்டாரில் அவன் பெரிய எஞ்சின்களோடுதான் வேலை செய்தான். கண்டுபிடித்ததைத் தன் பெயரில் சொன்னால் மாஸ்டர் கேட்க மாட்டார் என்பதும், கேட்டாலும் அது அவருக்கு ஆறுதலாக இராது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அவன் இப்போது கட்டாரில் இருக்கிறான். பெருநாளைக்குத் தொலைபேசி எடுப்பான். நான் மறுபடியும் கேட்கவில்லை. மடிக்கணினியோடு நின்று கேட்ட பொடியனுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இதில் எழுதியுள்ள அளவுகளும் முறைகளும் நடந்தபடியே நடந்தவை, அவற்றுக்கு நான் பொறுப்பு. ஊதியின் சத்தத்தில் தட்டல் கேட்காது என்ற அந்த வார்த்தையை அன்ரன் சொன்னானா, றிஸ்வான் அவனுக்காகச் சொன்னானா என்பது மட்டும் இதை எழுதுகிற இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.